கேட்டைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்: மதுரைக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு, காலனி நலச் சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர் அனைவருக்கும் வணக்கம்.

நான் அய்யர் பங்களா பக்கம் ஒரு குடியிருப்பில் வசிக்கிறேன். எங்கள் சங்கத்தின் பொருளாளராகவும் இருந்திருக்கிறேன். வரவு செலவு நோட்டைக் கையில் வைத்திருந்தவள் என்பதால் ஒன்று தெரியும். வாட்ச்மேன் சம்பளம், லிஃப்ட் பராமரிப்பு, கரண்ட் பில் போக மிச்சமெல்லாம் சின்னச் சின்னக் கொள்முதல்தான். பல்பு, குழாய், பினாயில், விளக்குமாறு, பொங்கல் விழாப் பரிசு, தீபாவளிக்கு வேலையாட்களுக்குத் துணியும் இனிப்பும். இந்தப் பணமும் நம் வீடுகளின் மளிகைப் பணமும் எந்தக் கடைக்குப் போகின்றன என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நம் கேட்டுக்குள் யாரை விடுகிறோம், யாரை நிறுத்துகிறோம் என்பதும் அதில் சேர்ந்ததுதான். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

புதிதாக வந்த குடியிருப்புகள் பலவற்றின் வாசலில் ஒரு பலகை தொங்குகிறது: ‘வியாபாரிகள் உள்ளே வர அனுமதி இல்லை.’ கீரைக்காரம்மா, பூக்காரம்மா, கோலமாவுக்காரர், பழைய பேப்பர் எடுப்பவர் எல்லோரும் காம்பவுண்டுக்கு வெளியே நின்று குரல் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நாலாவது மாடிக்கு அந்தக் குரல் எட்டுவதில்லை. செயலியில் ஆர்டர் போட்டால் மட்டும் பொருள் வீட்டுக் கதவு வரை வருகிறது. கொண்டுவரும் தம்பி தினமும் புது ஆள். அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவரைக் குறை சொல்லவில்லை. அவரும் வெயிலில் வண்டி ஓட்டிப் பிழைக்கும் நம் ஊர்ப் பிள்ளைதான். ஆனால் பாதுகாப்புக்காகத்தான் தடை என்றால், பல வருஷமாக இதே தெருவில் பூ விற்று, நம் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அம்மாவை வெளியே நிறுத்துவதில் என்ன நியாயம் இருக்கிறது?

அந்தப் பூக்காரம்மாவின் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். விடிவதற்குள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் உதிரியாக வாங்கிவருகிறார். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்த மதுரை மல்லி, திருமங்கலம், உசிலம்பட்டி பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருவது. ஈரத்துணியில் கொட்டி, அரும்பைக் கையால் தள்ளிப் பார்த்தே பிரித்துவிடுவார். மதியமே மலரப்போவது ஒரு பக்கம், ராத்திரிதான் வாய் திறக்கும் என்பது இன்னொரு பக்கம். “இப்பவே வைக்கவாம்மா, சாயங்காலம் விசேஷத்துக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் முழம் போடுகிறார். மார்கழி, தைப் பனியில் வரத்துக் குறைந்து கிலோ விலை ஆயிரக்கணக்கில் ஏறும்போது, “இன்னிக்கு வெல ஏறிப்போச்சும்மா, கொஞ்சம் தள்ளித் தள்ளித்தான் கட்டியிருக்கேன்” என்று அவரே சொல்லிவிடுவார். சரத்தைப் பார்த்தால் நமக்கே தெரியும்தான். இருந்தாலும் சொல்லிவிட்டுத்தான் விற்கிறார்.

2014-ஆம் வருஷத்துத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, இவர்களுக்கு அடையாள அட்டை கொடுப்பது மாநகராட்சியின் கடமை. அட்டை இருப்பவரின் பெயர், போன் நம்பரை கேட் நோட்டில் பதிந்துகொண்டு, காலையில் ஒரு நேரம், சாயங்காலம் ஒரு நேரம் என்று உள்ளே விடலாம். மாடி ஏறவேண்டாம் என்று நினைத்தால், கார் நிறுத்துமிடத்தில் நிழலான ஒரு மூலையை ஒதுக்கினால் போதும். எங்கள் குடியிருப்பில் அப்படித்தான் செய்தோம். மாடிப்படி இறங்க முடியாத பெரியவர்களுக்கு வாட்ச்மேன் எடுத்துக் கொடுக்கிறார். ஒரு புகாரும் வந்ததில்லை.

சரி, இனி பணத்துக்கு வருகிறேன். நூறு வீடு உள்ள ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு மாதம் 5,000 ரூபாய் மளிகை, காய்கறி, சில்லறைச் சாமான் என்று வைத்தால் மாதம் 5 லட்சம், வருஷத்துக்கு 60 லட்சம். ஒரு தெருவில் இரண்டு மூன்று கடைகள் நிற்பதா மூடுவதா என்பதை இந்தப் பணமே முடிவு செய்துவிடும்.

அண்ணாச்சி கடையில் கொடுக்கும் ரூபாய் போகிற வழியைப் பாருங்கள். சரக்கு கீழமாசி வீதி மொத்தக் கடையிலிருந்து வருகிறது. அங்கே மூட்டை இறக்குபவருக்குக் கூலி, லோடு ஆட்டோக்காரருக்கு வாடகை. கடையின் வாடகை அதே தெருவில் குடியிருக்கும் வீட்டுக்காரருக்கு. பொட்டலம் கட்டும் பையனுக்குச் சம்பளம். அண்ணாச்சி வீட்டுப் பிள்ளைகளின் ஃபீஸ், டாக்டர் செலவு, நகைச்சீட்டு எல்லாம் இந்த ஊருக்குள்ளேயே. இணையத்தில் வாங்கினால் மாநிலத்துக்கு வரி வராது என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியில்லை. ஜிஎஸ்டி, பொருள் போய்ச் சேரும் மாநிலத்துக்கே வருகிறது. வித்தியாசம் லாபத்திலும் வாடகையிலும் சம்பளத்திலும்தான். வெளியூர் நிறுவனத்தின் லாபம் வெளியூருக்குப் போகிறது. கணக்கு எழுதுபவர், விளம்பரம் செய்பவர், முடிவெடுப்பவர் எல்லோரும் பெங்களூரிலோ குர்கானிலோ இருக்கிறார்கள்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆஸ்டின் என்ற நகரத்தில் 2002-ல் ஓர் ஆய்வு நடந்தது. உள்ளூர்ப் புத்தகக் கடையிலும் இசைத்தட்டுக் கடையிலும் செலவழித்த 100 டாலரில் 45 டாலர் அந்த ஊரிலேயே மறுபடி சுற்றியது. நாடெங்கும் கிளை வைத்திருந்த பெரிய கடையில் செலவழித்த 100 டாலரில் 13 டாலர்தான் ஊரில் தங்கியது. மதுரைக் கணக்கு அதே அளவில் இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் பணம் போகும் திசை அதுதான்.

நம் பக்கத்து ஊரிலேயே இதற்குப் பழைய சாட்சி உண்டு. விருதுநகர் வணிகர்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்று ஒதுக்கி, அந்தப் பொதுப் பணத்தில் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். வீடு வீடாகப் பிடியரிசியும் வாங்கினார்கள். காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலா அப்படி வளர்ந்த பள்ளி. வியாபாரி ஊருக்குள்ளேயே குடியிருந்ததால்தான் ஊருக்குப் பள்ளிக்கூடம் இல்லாதது அவருக்கு உறைத்தது. இன்றைக்கும் நம் தெருப் பிள்ளையார் கோயில் கொடை, பள்ளி ஆண்டு விழா, கபடிப் போட்டி என்றால் ரசீதுப் புத்தகத்தோடு முதலில் எங்கே போகிறோம் என்பது உங்களுக்கே தெரியும்.

விலை குறைவு என்பதற்காக மட்டும் சங்கம் இணையத்தில் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு, எங்கள் பக்கத்துக் குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே சம்ப் மோட்டார் போய்விட்டது. நிர்வாகக் குழுவில் ஒருவர் தேடிப்பிடித்து, கடை விலையைவிடக் குறைவாக ஒரு ஹெச்பி மோட்டார் ஒன்றை வரவழைத்தார். மாட்டியதும் ஓடியது. தண்ணீர்தான் மேல்தொட்டிக்குச் சரியாக ஏறவில்லை. மணிக்கணக்கில் ஓடி, சூடேறி நின்றது. விற்றவர்களின் புகார் எண்ணில் பேசினால், மோட்டாரில் குறை இல்லை, பொருத்தியதில்தான் குறை என்று பதில். பொருத்தியவரோ மோட்டாரில்தான் குறை என்றார். இரண்டுக்கும் நடுவில் நாலு மாடிக்கும் லாரித் தண்ணீர்.

கடைசியில் தெருமுனை மோட்டார் கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் ஸ்பேனரைக் கையில் எடுக்கவே இல்லை. சம்ப் எத்தனை அடி ஆழம், மேல்தொட்டி எத்தனாவது மாடியில், பைப் ஒரு இஞ்சா ஒன்றேகாலா என்று கேட்டார். குனிந்து மோட்டாரில் ஒட்டியிருந்த தகட்டைத் துடைத்துப் படித்தார். “சார், இது நல்ல மோட்டார்தான். தண்ணி நெறையத் தள்ளும், ஆனா உயரத்துக்கு ஏத்தாது. ரெண்டு மாடி வீட்டுக்குப் பொருத்தம். உங்களுக்கு ஹெட் ஜாஸ்தி உள்ளது வேணும்” என்றார். அதே ஒரு ஹெச்பியில், உயரத்துக்கு ஏற்றும் மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டினார். ஃபுட் வால்வு தேய்ந்திருந்ததால் அதையும் மாற்றினார். முதலில் வாங்கியதைத் திருப்பி அனுப்ப முடியாது என்றதும், “கடையில வச்சுக்கிறேன், பொருத்தமான வீடு வந்தாத் தள்ளிவிட்டுத் தர்றேன்” என்று சொல்லி எடுத்துப்போனார். சொன்னபடியே சில வாரத்தில் விற்றுப் பணத்தையும் கொடுத்துவிட்டார்.

அவர் கேட்ட மூன்று கேள்வியும் இணையத்தில் வாங்கியபோது யாரும் கேட்காதவை. கடை விலையில் இருந்த சில நூறு ரூபாய் வித்தியாசத்துக்குள் அந்தக் கேள்விகளும், ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தால் எடுக்கும் ஆளும், வாஷர் ஒன்றே ஒன்று வேண்டுமென்றாலும் டப்பாவைத் திறந்து தேடிக் கொடுக்கும் பொறுமையும் அடக்கம். மிக்ஸி கப்ளர், குக்கர் கேஸ்கட், கிரைண்டர் பெல்ட் என்று ஐம்பது நூறு ரூபாய்ச் சாமானில் பழைய பொருளைப் பிழைக்க வைப்பவர்கள் இவர்கள். கடை மூடிவிட்டால், சின்னக் கோளாறுக்கெல்லாம் புதிது வாங்கவேண்டியதுதான்.

என் மனசை உண்மையிலேயே உறுத்தும் விஷயம் இன்னொன்று. நம் வீடுகளில் வேலை செய்யும் அக்காமார், வாட்ச்மேன் அண்ணன், குப்பை எடுக்கும் அம்மா எல்லோரும் எங்கே சாமான் வாங்குகிறார்கள்? அதே அண்ணாச்சி கடையில்தான். ஐம்பது எண்ணெய், நூறு பருப்பு, நாலு முட்டை என்று அன்றன்றைக்கு வாங்குகிறார்கள். மாதக் கடைசியில் பற்று எழுதிக்கொண்டு, சம்பளம் வந்ததும் அடைக்கிறார்கள். செயலியில் இந்த வசதி கிடையாது. அது பாக்கெட்டை உடைத்து ஐம்பது, நூறு என்று அளந்து தராது. ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு விற்காது. “பிள்ளைக்குக் காய்ச்சல், அடுத்த வாரம் தர்றேன்” என்றால் அதற்குப் புரியாது. ஆனால் அண்ணாச்சியால் பற்றுக் கொடுக்க முடிகிறதென்றால், ரொக்கம் கொடுத்து மொத்தமாக வாங்கும் நம்மைப் போன்ற வீடுகளை நம்பித்தான். நாம் விலகினால் கடை மூடும். நமக்கு வேறு வழி இருக்கிறது, அவர்களுக்கு இல்லை.

2020 ஜூன் கடைசியில் மதுரையில் மறுபடியும் முழு ஊரடங்கு போட்டபோது இதைக் கண்ணாலேயே பார்த்தோம். காலையில் சில மணி நேரம்தான் கடை. எங்கள் தெரு அண்ணாச்சி வாட்ஸ்அப்பில் சீட்டை வாங்கி, வீட்டு நம்பர் எழுதிய பைகளில் சாமானைக் கட்டி வரிசையாக வைத்திருப்பார். வேலை போன வீடுகளுக்கும் பை போனது. அந்தப் பாக்கியில் எவ்வளவு திரும்பி வந்தது என்று அவர் இதுவரை யாரிடமும் பேசியதில்லை.

அடுத்து, பரிசுகள். பொங்கல் விழா, மகளிர் தினம், கோலப்போட்டி என்று வருஷத்துக்குப் பல தடவை மொத்தமாகப் பரிசு வாங்குகிறோம். பெரும்பாலும் எங்கோ செய்த பிளாஸ்டிக் டப்பா, பெயர் அச்சிட்ட கப். சுங்குடிப் புடவைக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு ஏன் இப்படி? 2005-லேயே புவிசார் குறியீடு பெற்ற புடவை அது. சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறையாகக் காத்துவரும் தொழில். பெண்கள் வீட்டில் உட்கார்ந்து துணியை நகத்தால் கிள்ளி, நூலால் ஒவ்வொரு புள்ளியாக முடிச்சுப் போடுகிறார்கள். சாயத்தில் முக்கி எடுத்து முடிச்சை அவிழ்த்தால் புள்ளி விழுகிறது. அச்சடித்த புள்ளிச் சேலையைச் சுங்குடி என்ற பெயரில் இணையத்தில் நிறைய விற்கிறார்கள். படத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். தெற்குமாசி வீதியில் ஒரு கடைக்குப் போய், சேலையை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். கட்டுச் சுங்குடியில் முடிச்சு இருந்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கி, விரலுக்கு மேடாகத் தட்டுப்படும். ஒரு புள்ளி போல் இன்னொன்று இருக்காது. அச்சுச் சேலை மழமழவென்று இருக்கும். கடைக்காரரே இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, விலை ஏன் வேறு என்று சொல்வார். எல்லோருக்கும் சேலை கொடுக்கப் பணம் போதாதென்றால் துப்பட்டா, கைக்குட்டை இருக்கவே இருக்கின்றன.

கொலு பொம்மை என்றால் விளாச்சேரி. கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும் அங்கே செய்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புப் பிள்ளைகளை அழைத்துப்போய், அச்சில் களிமண் அழுத்துவதைக் காட்டி அங்கேயே வாங்கி வரலாம்.

புது மண்டபக் கடைகளையும் மறந்துவிடாதீர்கள். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தில் தையல், பாத்திரம், வளையல், புத்தகம் என்று தலைமுறையாக இருந்த கடைகள், 2018 பிப்ரவரியில் மீனாட்சியம்மன் கோயிலில் நடந்த தீ விபத்துக்குப் பிறகான நடவடிக்கைகளில் இடம் மாறின. பெரும்பாலானவை இப்போது குன்னத்தூர் சத்திரத்தில். பழங்கால மண்டபத்தைக் காப்பாற்றவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கோயிலுக்கு வந்தவர்கள் போகிற போக்கில் வாங்கிய வியாபாரம் போய்விட்டது. இனி தேடிப் போனால்தான் உண்டு. சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுபவர்களின் உடையைத் தைத்த கைகள் அவை. நம் குடியிருப்பு விழாவில் பிள்ளைகளுக்கு ஆண்டாள் வேஷமோ பாரதியார் வேஷமோ போடுவதற்கு, வாடகை உடையைத் தேடும் முன் அங்கே ஒருமுறை ஏறி இறங்குங்கள். அளவெடுத்துத் தைத்துத் தருவார்கள்.

காய்கறிக்கு உழவர் சந்தை. தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ல் நம் அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. விவசாயி இடைத்தரகர் இல்லாமல் நேரே விற்கிறார், விலையைப் பலகையில் எழுதிப்போடுகிறார்கள். தூரமாக இருக்கும் குடியிருப்புகள் வாரம் ஒரு நாள் ஷேர் ஆட்டோ பேசிக்கொள்ளலாம்.

சின்னக் கடைகள் எல்லாம் குறையே இல்லாதவை என்று நான் சொல்லமாட்டேன். சில கடைகளில் பில் தருவதில்லை. குளிர்பானத்துக்குக் கூலிங் சார்ஜ் என்று அச்சிட்ட விலைக்கு மேல் இரண்டு ரூபாய் கேட்கிறார்கள். சட்டப்படி அது தவறு. தேதி முடிந்த பிஸ்கட் பாக்கெட் தட்டின் பின்வரிசையில் கிடக்கும். தராசில் அரசு முத்திரை இருக்கிறதா என்று கேட்டால் முகம் சுளிப்பவர்களும் உண்டு. இதையெல்லாம் கண்டும் காணாமல் விடவேண்டாம். சங்கத்தின் சார்பில் இரண்டு பேர் போய்ப் பேசினால், நூறு வீட்டு வியாபாரத்தை இழக்க எந்தக் கடைக்காரரும் துணியமாட்டார். முகம் தெரிந்த கடையில்தான் இப்படி நேரில் போய்க் கேட்க முடியும்.

நம் பக்கமும் ஒன்று சரியாகவேண்டும். சங்கங்கள் பாக்கியை இழுத்தடிக்கின்றன. ஹார்டுவேர் கடையில் சாமானை எடுத்துவிட்டு, அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஒப்புதல் வாங்கித்தான் பணம் என்கிறோம். கடைக்குச் சரக்குப் போட்ட ஏஜென்சியின் ஆள் வாரம் தவறாமல் வசூலுக்கு வந்து நிற்கும்போது அந்தக் கடைக்காரர் வட்டிக்கு வாங்கித்தான் கட்டுகிறார். ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும் பொருளாளரே ஒரு வாரத்துக்குள் பணம் கொடுக்கலாம் என்று தீர்மானம் போட்டுவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். நான் பொருளாளராக இருந்தபோது அப்படி ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம். அதன்பிறகு ஹார்டுவேர் கடை பாய் எங்களுக்கு விலையைக் குறைத்தே போட்டார். காரணம் கேட்டதற்கு, “நீங்க ரொக்கம் மாதிரி, அக்கா” என்றார்.

இணையத்தில் எதுவுமே வாங்கக்கூடாது என்று நான் கேட்கவில்லை. உள்ளூரில் கிடைக்காத மருந்து, புத்தகம், உதிரிப் பாகம் எல்லாம் எனக்கும் அப்படித்தான் வருகிறது. சங்கப் பணத்தில் வாங்குவதற்கு முன்னால், நம் வட்டாரக் கடைகள் இரண்டில் விலை கேட்டு எழுதி வைப்பதைக் கட்டாயமாக்குங்கள். விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அங்கேயே வாங்குங்கள். தெருவில் உள்ள கடைகள், எலக்ட்ரீசியன், பிளம்பர், தையல்காரர், சைக்கிள் கடைக்காரர் ஆகியோரின் போன் நம்பரை அவர்கள் சம்மதத்தோடு ஒரு தாளில் அச்சிட்டு, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். புதிதாகக் குடிவரும் பிள்ளைகள் பலர் செயலியைத் தேடுவது, பக்கத்தில் கடை இருப்பதே தெரியாததால்தான்.

புரட்டாசிக்குள் பொதுக்குழுவைக் கூட்டும் சங்கங்கள் இதை ஒரு பொருளாகச் சேர்த்தால், தீபாவளி இனிப்புக்கும் துணிக்கும் நம் ஊர்க் கடைகளில் முன்கூட்டியே சொல்லிவைக்க நேரம் இருக்கும். பலகாரம் போடுபவர்கள் ஐப்பசி பிறந்த பிறகு பெரிய ஆர்டர் எடுப்பதற்குத் தயங்குவார்கள். பூக்காரம்மாவுக்கான கேட் அனுமதிக்குப் பொதுக்குழு வரை காத்திருக்க வேண்டாம். செயலாளர் கையெழுத்துப் போட்டால் நாளைக்கே செய்யலாம்.

அன்புடன்,
முன்னாள் பொருளாளர்,
அய்யர் பங்களா பகுதிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து